தென்மூலைக் கோபுரம்

பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுங்கள், அக்கா. இனி வழியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு செங்கல் சூளை வரும், அப்புறம் ஒரு கல்யாண மண்டபம், அப்புறம் டவுன். டிரைவர் டீ குடித்து முடித்தால் கிளம்பிவிடுவார்.

நீங்கள் மேலே ஏறியதைப் பார்த்தேன். மூன்றாவது தளத்தில் நின்று கைப்பிடிக் கட்டையைத் தடவினீர்கள். வருகிறவர்கள் யாரும் அதைத் தடவுவதில்லை. சாவியால் பெயர் கீறுவார்கள், இல்லையென்றால் செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் தடவினீர்கள். அதனால்தான் இத்தனை சீட் காலியாக இருந்தும் உங்கள் பக்கத்தில் ஜன்னலோரமாக வந்து உட்கார்ந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். நான் பொதுவாகப் பஸ்ஸில் யாரிடமும் பேசமாட்டேன். ஆபீஸிலும் பேசமாட்டேன். பேசினாலும் என் பேச்சை யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் கோபுரம் நான் வரைந்தது.

கல்வெட்டில் தேடாதீர்கள், என் பெயர் இல்லை. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்தியவர் எல்லோரும் இருக்கிறார்கள். கடைசி வரியில் எங்கள் எட்வின் சார் இருக்கிறார். மதுரையில் அவருடைய ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன். ஆர்க்கிடெக்ட் என்றால் சொந்தக்காரர்கள் மதிப்பாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சேர்ந்த நாள் முதல் நான் வரைந்ததெல்லாம் கழிப்பறைகள். பள்ளிக்கூடக் கழிப்பறை, பஸ் நிலையக் கழிப்பறை, ஒரு தடவை சுடுகாட்டுக் கழிப்பறை. கட்டடத்தின் முகத்தை மற்றவர்கள் வரைவார்கள். பின்பக்கம் எனக்கு வரும்.

கூத்தனேந்தல் கண்மாயில் இயற்கைப் பூங்கா வருகிறது, பறவை பார்க்க ஒரு கோபுரம் வேண்டும் என்று வேலை வந்தபோது எட்வின் சார் சொன்னார், "கான்கிரீட்ல தூக்கி நிறுத்திட்டு மரம் மாதிரி பெயின்ட் அடிச்சு விட்ருவோம்." நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பூங்காவிலும் இருக்கும். சிமென்டில் மரப்பட்டை, சிமென்டில் வெட்டிய கிளை, நடுவில் வளையம் வளையமாகக் கோடு. எனக்கு அதைப் பார்த்தாலே கூசும். "மரத்துலயே பண்ணலாமே சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். ஏசியைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக் குறைத்துவிட்டார்.

அதனால் வரைந்து அவர் மேஜையில் வைத்தேன். பேச வராதவர்கள் வேறு என்ன செய்வது? கொஞ்ச நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "மேலிடத்துல பசுமை, பசுமைங்கிறாங்க. உன் படத்தையே குடும்மா." அன்று நான் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

என் எண்ணம் இதுதான், அக்கா. வெளியிலிருந்து ஒரு குச்சி வரக்கூடாது. பர்மா தேக்கை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கி அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த மண்ணின் மரம், அந்த ஊர் ஆசாரிகள், வார்னிஷுக்குப் பதில் முந்திரிக்கொட்டை எண்ணெய், கூரைக்குப் பனைவாரை. கறையான் ஏறாமல் கால்களுக்குக் கீழே கருங்கல். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. நானே தேடித் தேடிப் படித்தேன்.

சித்திரையில் இடம் பார்க்கப் போனேன். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தென்மூலையில் மட்டும் ஒரு கருவேலந் தோப்பு. நம் நாட்டுக் கருவேலம்தான், சீமை இல்லை. வண்டிச் சக்கரத்துக்கும் ஏர்க்காலுக்கும் போட்ட மரம். தண்ணீரில் நின்றே வளர்ந்ததால் தண்ணீருக்குப் பயப்படாது. நான் ஒவ்வொரு மரமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். எது எந்தப் பக்கம் வளைகிறது, எது எவ்வளவு உயரத்தில் கவட்டையாகப் பிரிகிறது என்று எல்லாவற்றையும் வரைந்துகொண்டேன். கவட்டைதான் முக்கியம். நல்ல அகலமான கவட்டை இருந்தால் அதன் மேல் உத்தரத்தை அப்படியே உட்கார வைத்துவிடலாம். ஆணி வேண்டாம், போல்ட் வேண்டாம். மரமே கையை விரித்து மரத்தைத் தாங்கும். இதை நினைத்து நான் எத்தனை நாள் தனியாகச் சிரித்திருப்பேன்!

அதனால் வயதான, பெரிய, அகலக் கவட்டை உள்ள மரங்களாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டினேன். நானே கட்டினேன், அக்கா. வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

கவட்டைகளில் பழைய கூடுகள் இருந்தன. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலிக் கூடுகள். மரமெல்லாம் சுண்ணாம்பு ஊற்றியது போல எச்சம். காண்ட்ராக்டர் அழகுபாண்டி கூட வந்திருந்தார். "எச்சம் விழுந்து விழுந்து இதெல்லாம் பட்டுக்கிட்டு வருது மேடம். விட்டா தானா காஞ்சு போயிரும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். பட்டுப்போகிற மரத்தை எடுத்து இன்னும் ஐம்பது வருடம் நிற்க வைத்தால் அது நல்லதுதானே? அதுவும் வெட்டின இடத்திலேயே நிறுத்துகிறேன். லாரி கிடையாது, புகை கிடையாது. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடவேண்டும் என்று படத்திலேயே எழுதிக் கொடுத்தேன். நட்டும் விட்டார்கள். வாசலில் கம்பி வலைக்குள் முழங்கால் உயரத்தில் நிற்கிறதே, பார்த்தீர்களா? அதுதான்.

ஊர்க் கூட்டம் ஒன்று நடத்த வேண்டும் என்பது விதி. சமுதாயக் கூடத்தில் வைத்தார்கள். எட்வின் சார் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. "நீயே பேசிடும்மா, கிராமத்து ஜனந்தானே" என்றார். மைக்கை யாரோ வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்கள். நான் பேசினேன். அன்றைக்கு என்ன ஆனது தெரியுமா? எல்லோரும் கேட்டார்கள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள், வாசலில் நின்ற ஆண்கள், ஒருவர்கூடப் பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

அந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை பயந்துவிடும் என்று. கல்யாணத்துக்கு வேட்டு இல்லை, சாவுக்கும் இல்லை. தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைகள், பாவம், பக்கத்து ஊர் விலக்கில் போய் ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவார்களாம். அப்படிப்பட்ட ஊர். அதனால் பறவைக்காக ஒரு கோபுரம் என்று நான் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பஞ்சவர்ணம் என்று ஒரு அம்மா. கரை மேல் டீக்கடை வைத்திருக்கிறார்கள், இப்போது நம் டிரைவர் நிற்கிறாரே அதே கடை. அவர்கள்தான் எழுந்து கேட்டார்கள். "மரம் எங்கிட்டிருந்துத்தா வருது?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சரியான கேள்வி. யாருமே கேட்காத கேள்வி. "இங்கிருந்தேதாம்மா. உங்கள் கண்மாய்க் கருவேலம். வெளியிலிருந்து ஒரு குச்சிகூட வராது" என்றேன்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. அப்படி ஓர் அமைதி. பெருமையில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கியது.

"தென்மூலை மரமா?" என்றார்கள் பஞ்சவர்ணம்.

"ஆமாம்மா."

"அதுல கூடு இருக்குமேத்தா."

"எல்லாம் பழைய கூடும்மா. காலி. வருடா வருடம் புதிதாகத்தானே கட்டும்? கோபுரமே பறவைகளுக்காகத்தான்."

அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு, "நீங்க படிச்ச புள்ள, சொன்னாச் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர், "கை தட்டுங்கப்பா" என்றார். தட்டினார்கள். மெதுவாகத்தான் தட்டினார்கள். அடக்கமான ஜனங்கள்.

வைகாசியில் வெட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கவட்டைகூட உடையக்கூடாது என்று கயிறு கட்டி இறக்கச் சொன்னேன். உடையவில்லை. ஆசாரிகள் நன்றாகச் செய்தார்கள். உத்தரம் கவட்டையில் போய் உட்கார்ந்த அன்று, காகிதத்தில் நான் போட்ட கோடு கண்ணெதிரே நின்றது. கீழிருந்து பார்த்தால் மரங்கள் கைகளை உயர்த்தி மூன்று மாடியைத் தூக்கிப் பிடித்திருப்பது போலவே இருக்கும். நீங்களே பார்த்தீர்களே.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். கீழ்ப்படிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியவேண்டுமாம். நான் வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. வாசலில் ஃபைபரில் ஒரு பூநாரை. ரோஸ் கலரில், ஒற்றைக்காலில். அந்தப் பறவை இந்தப் பக்கம் வந்ததே கிடையாது, அக்கா. இங்கே வருவது நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன். "நத்தைகுத்தி பாக்க நல்லா இருக்காது மேடம், கலர் கம்மி" என்றார் அழகுபாண்டி. அதோடு விட்டாரா? இதயம் போட்டு ஊர் பெயர் எழுதின ஒரு பலகை. எட்வின் சாரிடம் ஃபோனில் அழாத குறையாகச் சொன்னேன். "விடும்மா, ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்று வைத்துவிட்டார். என் கட்டடத்தை எப்படியெல்லாம் கெடுத்தார்கள் என்று எழுதினால் ஒரு புத்தகம் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இளம் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. என் பெயரில், எட்வின் சார் பெயர் இல்லாமல், நானே அனுப்பலாம். கிடைத்தால் பெங்களூரில் ஒரு நல்ல இடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் திரும்பவும் கழிப்பறை. இல்லையென்றால் அம்மா பார்த்து வைத்திருக்கும் திருச்சி மாப்பிள்ளை. படிக்கட்டு, இணைப்பு, மரம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு படம் பாக்கி. கட்டடம் பயன்பாட்டில் இருக்கும் படம் வேண்டும் என்று விதியில் போட்டிருக்கிறார்கள். பறவைக் கோபுரத்தில் பறவை இல்லையென்றால் அது வெறும் ஏணிதானே? அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறேன். இன்றைக்கு விட்டால் அனுப்பமுடியாது. நாளை கடைசி நாள்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் மறுகால் போகிற அளவுக்குத் தண்ணீர். முதல் கூட்டம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்ததாம். நான் பார்க்கவில்லை, பஞ்சவர்ணம் சொன்னார்கள். தென்மூலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்ததாம். இறங்கவில்லை. மறுநாளும் வந்து சுற்றியதாம். அப்புறம் காணவில்லை.

"எங்கிட்டுத்தா எறங்கும்? அது உக்கார்ற மரத்தைத்தான் நீங்க மாடியாக்கிட்டீங்களே" என்றார்கள்.

கிராமத்தில் இப்படித்தான் குத்திப் பேசுவார்கள், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவோ தூரத்திலிருந்து பறந்து வருகிற பறவைக்குப் பக்கத்தில் வேறொரு மரம் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? கரையில் புளியமரம் இல்லையா? சீமைக்கருவேலம் காடாகக் கிடக்கவில்லையா? நான் படித்தவரையில் பறவைகள் பழகிக்கொள்ளும்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடித்தார்கள்.

ஆமாம், அக்கா. வெடிக்காத ஊர் வெடித்தது. தீபாவளியன்று படம் கிடைக்குமா என்று நான் வந்திருந்தேன். மூன்றாவது தளத்தில் நின்றேன். காலையில் முதலில் ஒரு ஓலைவெடி. அப்புறம் சரம். அப்புறம் அணுகுண்டு. கிழவர்கள்கூட வாசலில் நின்று கொளுத்தினார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, அது எனக்கு வினோதமாக இருந்தது. ஏதோ வேலை செய்கிற மாதிரி வெடித்தார்கள். புகை கண்மாய் மேலே வந்து என் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் பஞ்சவர்ணம் கடைக்கு ஓடினேன்.

"என்னம்மா இது? இப்படி வெடித்தால் பறவை எப்படி வரும்?"

என் குரல் அவ்வளவு உயர்ந்து நானே கேட்டதில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்கள்.

"அதான் போயிருச்சேத்தா. எங்க மாமனாரு செத்தப்பக்கூட வேட்டுப் போடல. இப்பத்தான் போட்டோம்."

"நீங்களே விரட்டிவிட்டு..."

"உக்காருத்தா. காப்பி குடிக்கிறியா? பால் இல்ல, வரக்காப்பிதான். வர்ற சனம் கொறஞ்சு போச்சு, பால் வாங்குறதில்ல." தம்ளரை என் முன்னால் வைத்தார்கள். "அன்னிக்குக் கூட்டத்துல நானும் ரெண்டு வார்த்தை கூடப் பேசியிருக்கணும். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சார், நாந்தான் வேட்டியப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன். இம்புட்டு மெதுவாப் பேசுற புள்ள, பறவைக்காகன்னு வேற சொல்லுது, அதுக்குத் தெரியாமலா இருக்கும்னு."

பார்த்தீர்களா, எதை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்கள் என்று? வெடித்தது அவர்கள். பேச்சு என்னைப் பற்றி. நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் பேச்சை யாரும் கேட்பதில்லை, அக்கா. அதுதான் என் ராசி.

இருங்கள், இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மத்தியானத்துக்கு மேல்தானே வந்தீர்கள்? நான் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். பஞ்சவர்ணம் கோபுரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வேலையும் அவர்களுக்குத்தான். கடை மட்டும் போதவில்லையாம். இரண்டாவது தளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரே ஒரு நத்தைகுத்தி வந்தது.

தனியாக. வடக்கேயிருந்து தாழப் பறந்து வந்தது. வாயில் ஒரு குச்சி. நான் மூச்சுவிடவில்லை. நேராக வந்து கோபுரத்தின் தெற்குக் காலில், கவட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கவட்டையில்தான் உத்தரம் உட்கார்ந்திருக்கிறதே, இடம் ஏது? அது குச்சியை உத்தரத்தின் மேல் வைத்தது. வழுவழுவென்று எண்ணெய் பூசிய மரம், நிற்குமா? குச்சி உருண்டு தளத்துப் பலகையில் விழுந்தது. இறங்கி வந்து எடுத்தது. திரும்பவும் வைத்தது. திரும்பவும் விழுந்தது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அந்தக் கவட்டையைப் பார்க்கிறது. அலகால் உத்தரத்தைத் தள்ளிப் பார்க்கிறது. மனுஷர்கள் வீட்டுக் கதவு திறக்காவிட்டால் தோளால் தள்ளுவார்களே, அந்த மாதிரி.

பஞ்சவர்ணம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "அதோட கவட்டைத்தா அது. தேடி வந்துருக்கு" என்றார்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டுப் பறவை போய்விடக்கூடாதாம். இன்னமும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடைசியில் அது குச்சியை விட்டுவிட்டுப் போனது. ஒரு சுற்று சுற்றியது. வடக்கே போய்விட்டது.

இந்தப் படத்தைப் பாருங்கள். வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது! பின்னால் தண்ணீர், முன்னால் கவட்டை, அலகில் குச்சி. ஃபைபர் பூநாரை இல்லை, மஞ்சள் பெயின்ட் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? கோபுரத்தையே மரமாக நினைத்துக் கூடு கட்ட வந்திருக்கிறது. தேடி வந்திருக்கிறது. அதையேதான் விண்ணப்பத்தில் தலைப்பாகப் போடப்போகிறேன், 'தேடி வந்த பறவை' என்று.

ஏன் அக்கா, படத்தைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறீர்கள்?

வீடியோவும் இருக்கிறது. படத்தோடு சின்ன வீடியோவும் அனுப்பலாம் என்று போட்டிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன். வேறொன்றும் இல்லை, அந்தக் குச்சி பலகையில் விழுகிற சத்தம். சின்னச் சத்தம்தான், 'டக்' என்று. பறவை தெரிகிற வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி...

வண்டி கிளம்பிவிட்டது. நீங்கள் ஜன்னல் பக்கம் வருகிறீர்களா? எனக்கு அந்தக் கோபுரத்தின் பக்கம் பார்க்க வேண்டாம்.